கல்லுமலை அடிவாரமும் ஒரு பொட்டலம் கச்சாங்கும்

எப்போதும் திருவிழா, தண்ணீர்ப் பந்தல், அன்னதானம் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். இந்த முறை நம்ம ஈப்போவின் சாப்பாட்டையும் கடைகளையும் பற்றி எழுதலாம் என்று குழுவில் பேசி முடிவு செய்தோம். காரணம் இருக்கு. வார இறுதியில் கோலாலம்பூர், சிங்கப்பூர் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பழைய டவுனில் வெள்ளைக் கோப்பி குடிக்கிறார்கள், தாவ்கே கோழி சாப்பிடுகிறார்கள், சுவர் ஓவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். போகிற வழியில் புந்தோங்கில் நிறுத்தி இரண்டு பை கச்சாங் பூத்தே வாங்கி காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பைக்குப் பின்னால் இருக்கிற கதையை அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. நம்ம பிள்ளைகளுக்கே அது முழுசாகத் தெரியாது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஈப்போவைப் புரிந்துகொள்ள முதலில் அந்த மலைகளைப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் வரும்போதே தெரியும், சமவெளியிலிருந்து சுவர் மாதிரி செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகள். ஊருக்கு அழகு என்று படம் எடுக்கிறோம். ஆனால் இந்த ஊரே அந்தக் கல்லால் வந்ததுதான். கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணுக்கு அடியிலும் இதே சுண்ணாம்புக்கல் பல் பல்லாக, குழி குழியாக இருக்கிறது. மலைத்தொடரிலிருந்து ஆறுகள் அரித்துக்கொண்டு வந்த ஈய மணல் அந்தக் குழிகளில் தங்கியது. அதனால்தான் உலகத்திலேயே பெரிய ஈய வயல்களில் ஒன்று இங்கே அமைந்தது. 1880-களில் சீனர்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஈய லம்பங்களைத் தோண்டினார்கள். கிந்தா ஆற்றில் படகு வரக்கூடிய கடைசி இடம் ஈப்போ. படகு நின்ற இடத்தில் கடை வந்தது, கடை வந்த இடத்தில் ஊர் வந்தது. 1892-இல் ஒரு பெரிய தீ வந்து ஊரில் பாதியைத் தின்றது. அதற்குப் பிறகு நேர் நேராகத் தெருப்போட்டுக் கட்டியதுதான் இன்றைக்கு நாம் பழைய டவுன் என்று சொல்லும் பகுதி.

இந்தக் கதையில் நம்மவர்கள் எங்கே? ஈயத்தை நாம் அதிகம் தோண்டவில்லை. தோண்டியவர்களுக்கு ரோடு போட்டோம், தண்டவாளம் போட்டோம், கடன் கொடுத்தோம், துணி வெளுத்தோம், பால் ஊற்றினோம், சோறு போட்டோம். லகாட் சாலைப் பக்கம் செட்டியார்களின் வட்டிக்கடைகள். பெல்ஃபீல்டு தெரு என்று அன்றைக்குச் சொன்ன சுல்தான் யூசோஃப் சாலையில் இந்திய முஸ்லிம் வியாபாரிகள். பாடாங் பக்கத்தில் இருக்கிற இந்திய முஸ்லிம் பள்ளிவாசலை ஷேக் ஆதம் என்ற வணிகர் 1908-இல் கட்டினார். ரயிலிலும் நகராட்சியிலும் பொதுப்பணியிலும் வேலை செய்த தமிழர்கள் டவுனை ஒட்டிய புந்தோங் பக்கம் குடியேறினார்கள். இன்றைக்கும் நாட்டிலேயே இந்தியர்கள் மிக அதிக விகிதத்தில் வாழும் சட்டமன்றத் தொகுதிகளில் புந்தோங் ஒன்று.

சாப்பாட்டுக்கு வருவோம்.

வெள்ளைக் கோப்பி என்றால் பாலை நிறைய ஊற்றிய கோப்பி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வழக்கமான கறுப்புக் கோப்பிக் கொட்டையைச் சீனியும் போட்டு வறுப்பார்கள், சீனி கருகி கொட்டை கருத்துவிடும். ஈப்போவின் ஹைனானியர் கடைகளில் மார்ஜரின் மட்டும் போட்டு வறுத்தார்கள். நிறம் மங்கலாக வந்தது, அதற்குத்தான் வெள்ளை என்று பெயர். சின் யூன் லூங் கடை 1937-இலிருந்து இருக்கிறது. 1999-இல் ஓல்டு டவுன் நிறுவனம் அதைப் பையில் போட்டு விற்க ஆரம்பித்த பிறகு உலகம் முழுக்கப் போய்விட்டது. தாவ்கே குட்டையாகக் கொழுகொழுவென்று இருப்பதற்கு, சுண்ணாம்புக்கல்லில் ஊறி வரும் தண்ணீர்தான் காரணம் என்பது ஊர்ப் பேச்சு.

யாங் கல்சோம் சாலையில் யோங் சுவான் என்ற சீனர் கோப்பிக்கடைக்குள் இந்திய முஸ்லிம்கள் போடும் நாசி கண்டாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நம்ம ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்கு 'நாசி வாங்கே' என்று ஒரு பெயர் உண்டு. கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களை 'வாங்கே, வாங்கே' என்று கூப்பிட்டதால் வந்த பெயர் என்பார்கள். மலாய்க்காரர், சீனர் எல்லாரும் அந்தத் தமிழ்ச் சொல்லைச் சாப்பாட்டின் பெயராகவே ஆக்கிவிட்டார்கள். சீனர் கடை, தமிழ் முஸ்லிம் கறி, மலாய்ப் பெயர் பாதி, தமிழ்ப் பெயர் பாதி. ஈப்போ என்றால் இதுதான். (நம்மில் சைவம் சாப்பிடுபவர்கள் மன்னிக்கவும், வரலாறு வரலாறுதான்.)

இதையெல்லாம் சுற்றுலாப் புத்தகத்திலேயே படிக்கலாம். எங்களுக்குச் சொல்ல வேண்டியது கச்சாங் பூத்தே.

கச்சாங் என்றால் மலாயில் கடலை, பருப்பு வகை. பூத்தே என்றால் வெள்ளை. யாழ்ப்பாணத்தார் வேர்க்கடலையைக் கச்சான் என்றே சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். முதலில் கொண்டைக்கடலையைக் குறித்த பெயர், பிறகு தட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. பச்சைப் பட்டாணி, காராப் பூந்தி, ஓமப்பொடி, பகோடா, முறுக்கு, சீனிக்கடலை, மரவள்ளிச் சீவல், மிக்சர், எல்லாமே கச்சாங் பூத்தேதான்.

இந்தத் தொழிலை ஈப்போவில் நிலைநிறுத்தியவர்கள் 1940-களில் தமிழ்நாட்டின் எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். பாரதி பிறந்த அதே எட்டயபுரம். கரிசல் பூமி, மழையை நம்பிய வானம் பார்த்த விவசாயம். அந்த வட்டாரத்தின் நொறுக்குத்தீனிக்கு இன்றைக்கும் தனி மவுசு. பக்கத்தில் இருக்கிற கோவில்பட்டியின் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொஞ்சம் வடக்கே போனால் சாத்தூர், காராச்சேவுக்குப் பேர் போன ஊர். அந்த மண்ணிலிருந்து வந்தவர்களுக்குக் கடலையும் மாவும் எண்ணெயும் பழகிய கைப்பக்குவம். இங்கே வந்து எஸ்டேட்டுக்குப் போகவில்லை, கங்காணிக்குக் கீழே நிற்கவில்லை. வீட்டில் பொரித்து, தட்டில் அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். மலேசிய இந்தியர் வரலாறு என்றாலே தோட்டமும் பால்மரமும்தான் என்று எழுதிவிடுகிறோம். சொந்தமாக ஒரு தட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அதில் ஒரு வரி கூட இருப்பதில்லை. எங்களுக்கு இதில் ரொம்ப நாள் ஆதங்கம்.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தத் தட்டு ஞாபகம் இருக்கும். வட்டமாக, பெரிசாக, உள்ளே அறை அறையாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு வகை. தலையில் துணியைச் சும்மாடு கட்டி அதன் மேல் தட்டு, கையில் மடக்கும் கால். ரெக்ஸ், லிடோ, கேத்தே, ஓடியன், ரூபி என்று டவுன் முழுக்கத் தியேட்டர்கள் இருந்த காலம். படம் விடும் நேரம், படம் தொடங்கும் நேரம், பள்ளிக்கூடம் விடும் நேரம், இந்த மூன்றும் கச்சாங்காரருக்கு மனப்பாடம். ஐந்து காசு, பத்து காசு. பழைய நோட்டுப் புத்தகத் தாளையோ டெலிபோன் புத்தகத் தாளையோ சுருட்டி, நுனியை மடக்கி, ஒரு கை அள்ளிப் போட்டால் பொட்டலம். காசு கொடுத்த பிறகு மேலே இரண்டு கடலை கூடுதலாகப் போடுவார்கள் பாருங்கள், அந்த இரண்டுக்காகத்தான் அதே ஆளிடம் திரும்பப் போவோம். வாங்கியவர் தமிழரா, சீனரா, மலாய்க்காரரா என்ற பேச்சே இல்லை. தமிழ்ப் படம் ஓடினாலும் சரி, ஹாங்காங் படம் ஓடினாலும் சரி, இருட்டில் எல்லாருடைய வாயிலும் கரகரவென்று ஒரே சத்தம்.

இனிமேல் எழுதப்போவது சிலருக்குப் படிக்கக் கஷ்டமாக இருக்கலாம்.

கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயம் குனோங் சீரோ மலையின் அடியில் இருக்கிறது. ஆரம்பத்தில் குகைக்குள் இருந்த முருகன் அவர், பிறகுதான் வெளியே கோயில் எழுந்தது. அதே குனோங் சீரோ அடிவாரத்தில், பாறையை ஒட்டி, லயம் மாதிரி நீளமான வீட்டில் நம்மவர்கள் பலர் வாழ்ந்தார்கள். கச்சாங் பொரித்துப் பிழைத்த குடும்பங்கள், மாடு வளர்த்துப் பால் விற்றவர்கள். ஏன் அங்கே? டவுனுக்குப் பக்கம். தட்டைத் தலையில் வைத்து நடந்தே போய்விடலாம். மலையடியில் யாரும் வேண்டாம் என்று விட்ட இடம், அதனால் வாடகை பெரிசாக இல்லை. அடுப்பு எரிக்க, மாட்டைக் கட்ட இடமும் இருந்தது. ஏழைக்கு எந்த ஊரிலும் இப்படிப்பட்ட இடம்தானே கிடைக்கும்.

சுண்ணாம்புக்கல் பார்க்க இரும்பு மாதிரி நிற்கும். ஆனால் மழைத்தண்ணீரில் இருக்கிற லேசான புளிப்பு அதை மெல்லக் கரைத்துக்கொண்டே இருக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி இறங்கி, வெடிப்பு அகலமாகி, பாறையின் ஒரு பக்கம் மலையிலிருந்து தனியாகிவிடும். அடியிலும் கரைந்து உள்வாங்கிப் போயிருந்தால் பிடிமானம் இருக்காது. எப்போது சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. எச்சரிக்கை எதுவும் வராது.

1973 அக்டோபர் 18. குனோங் சீரோவிலிருந்து ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள ஒரு பெரும் பாறைப் பலகை பெயர்ந்து அந்த நீள வீட்டின் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். மாடுகளும் செத்தன. அந்த வருஷ தீபாவளிக்கு இன்னும் சுமார் ஒரு வாரம்தான் இருந்தது. கச்சாங் வீடுகளுக்கு வருஷத்திலேயே வேலை அதிகமான வாரம் அது. இதற்கு மேல் நாங்கள் வர்ணிக்க விரும்பவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஈயத்தைத் தாங்கிப் பிடித்ததும் இந்தக் கல்தான். தாவ்கேயைக் கொழுக்க வைக்கிறது என்று ஊர் சொல்வதும் இதில் ஊறிய தண்ணீரைத்தான். முருகனுக்குக் குகை கொடுத்ததும் இதுவே. அந்தக் குடும்பங்களை எடுத்துக்கொண்டதும் இதுவே. ஊரைப் பற்றிப் பெருமை பேசும்போது கல்லின் நல்லதை மட்டும் எடுத்துச் சொல்கிறோம். பழைய டவுனில் தெருவுக்குத் தெரு விளக்கப் பலகை இருக்கு. இந்த 40 பேரைப் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையடிவாரத்துக் கச்சாங் குடும்பங்கள் புந்தோங் பக்கம் இடம் பெயர்ந்தார்கள். இன்றைக்கு நாம் கம்போங் கச்சாங் பூத்தே என்று சொல்கிறோமே, அது இப்படி உருவான இடம். பெயரைக் கேட்டால் சுற்றுலாவுக்காக வைத்த பெயர் மாதிரி தோன்றும். உண்மையில் அது ஒரு மலையின் கீழே வாழ முடியாமல் போனவர்கள், விட்ட தொழிலை மறுபடி எடுத்த இடம். யோசித்துப் பாருங்கள், வீடு போய்விட்டது, சொந்தம் போய்விட்டது, பாத்திரம் பண்டம் போய்விட்டது. கையில் மிச்சம் இருந்தது எண்ணெய் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்ற அறிவு மட்டும். அதை வைத்தே திரும்ப எழுந்தார்கள்.

கோயில் வேலை செய்யும் எங்களுக்கு இதில் இன்னொன்று மனதைத் தொடும். ஈப்போ தைப்பூசத்தில் பக்தர்கள் புந்தோங் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பால்குடமும் காவடியும் எடுத்து டவுனைத் தாண்டி கல்லுமலைக்கு நடக்கிறார்கள். அதாவது இன்றைக்குக் கச்சாங் குடும்பங்கள் வாழும் பக்கத்திலிருந்து புறப்பட்டு, அவர்களின் பெரியவர்கள் வாழ்ந்த, சிலர் மாண்ட மலையடிக்குப் போய்ச் சேர்கிறது அந்த நடை. தெரியாமலே ஒவ்வொரு வருஷமும் அந்த வழியைத் திரும்பி நடக்கிறோம். பந்தலில் மோர் ஊற்றிக் கொடுக்கும்போது வரிசையில் வரும் பாட்டிகளில் சிலர் கோயில் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துப் பாறையையும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார்கள். என்னம்மா பார்க்கிறீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை.

தொழில் எப்படி மாறியது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணம் இல்லாமல் கை விரித்தது, ஈய விலை சரிந்தது, கிந்தாவில் லம்பங்கள் வரிசையாக மூடின. ஊரே வெறிச்சோடியது. இளசுகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். தியேட்டர்களும் ஒவ்வொன்றாக மூடின. புதிதாக வந்த மால் தியேட்டர்களில் வெளித் தின்பண்டம் கொண்டுபோக விடமாட்டார்கள். தட்டு தூக்கியவருக்கு நிற்க வாசல் இல்லை. அப்போதும் இந்தக் குடும்பங்கள் ஓயவில்லை. தட்டிலிருந்து சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வேனுக்கும் மாறினார்கள். தாள் பொட்டலம் பிளாஸ்டிக் பை ஆனது. பசார் மாலாம், மளிகைக் கடை, எண்ணெய் நிலையம் என்று மொத்தமாகப் போட ஆரம்பித்தார்கள். ஈயம் கைவிட்ட ஊரைத் தின்பண்டம் காப்பாற்றியது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் புந்தோங்கில் பல வீடுகளுக்கு அது நிஜம். பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்த முறுக்கு இது.

வேலை லேசு என்று மட்டும் நினைக்காதீர்கள். கடலையும் பட்டாணியும் முதல் நாளே ஊற வேண்டும். மறுநாள் விடியும் முன்னே அடுப்பு பற்ற வைக்கிறார்கள். வடிந்தும் வடியாமல் எண்ணெயில் போட்டால் வெடிக்கும், ரொம்பக் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். முறுக்கு மாவில் தண்ணீர் ஒரு கை கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் பிழியும்போதே உடையும். மழை நாளில் ஒரு பக்குவம், வெயில் நாளில் ஒரு பக்குவம். இதெல்லாம் எழுதி வைத்த கணக்கு இல்லை. மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கைவழியாக வந்தது. பெரிய அடுப்புக்கு முன்னால் நாள் முழுக்க நின்று காலும் முதுகும் போன அம்மாக்களை எங்களுக்குத் தெரியும்.

இப்போது பெரிய கவலை அதுதான். படித்த பிள்ளைகள் அடுப்படிக்கு வரவில்லை, வரச் சொல்லவும் பெற்றோருக்கு மனசில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அந்தப் பிள்ளை அடுப்பிலிருந்து தப்ப வேண்டும் என்றுதானே அந்த அம்மா அடுப்பில் நின்றார். ஆள் பிடித்து வேலை வைத்தால் கூலி, எண்ணெய் விலை, மாவு விலை. அந்தப் பக்கம் தொழிற்சாலைச் சரக்கு மலிவு விலையில் குவிகிறது. சில வீடுகள் மிஷின் வாங்கிச் சமாளிக்கின்றன. சில இடங்களில் பேரப்பிள்ளைகள் கையில் எடுத்து, நல்ல பையில் போட்டு, கைபேசி வழியாக விற்கிறார்கள். எங்களுக்கு அதைப் பார்த்தால் சந்தோஷம்தான். மிஷினில் பிழிந்தாலும் பரவாயில்லை, மாவைப் பிசைகிற கை அந்த வீட்டுக் கையாக இருந்தால் போதும் என்பது எங்கள் கட்சி. குழுவில் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. மிஷின் முறுக்கு முறுக்கே இல்லை என்கிறார்கள். அந்தச் சண்டை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பந்தலுக்கு வேண்டிய சுண்டல் கடலையையும் பிரசாதப் பைக்குப் போடும் மிக்சரையும் நாங்கள் புந்தோங்கில்தான் வாங்குகிறோம். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று தட்டு வைப்பவர்களும் அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். பேரங்காடியில் கிடைப்பதை விட ஓரிரு வெள்ளி கூட இருக்கலாம். பெரியவர்கள் யாராவது கடையில் உட்கார்ந்திருந்தால், அவசரம் இல்லையென்றால், பேச்சுக் கொடுங்கள். எட்டயபுரத்தைப் பற்றிக் கேளுங்கள், தட்டு தூக்கிய காலத்தைப் பற்றிக் கேளுங்கள். மலையைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நாமாகக் கிளற வேண்டாம்.

அந்தக் காலத் தட்டு, மடக்கும் கால், தியேட்டர் வாசலில் எடுத்த படம் எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால் கீழே போடுங்கள், குழுவில் சேர்த்து வைக்கிறோம். எந்தத் தியேட்டர், எந்த வருஷம் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

வெளியூரிலிருந்து முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கூட்டம் தாங்காது, ஆர்டர் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மற்ற நாளில் காலையில் போனால் அன்றைக்குப் பொரித்தது சூடாகக் கிடைக்கும். எதை எடுப்பது என்று திகைத்து நின்றால் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து ருசி பார்க்கச் சொல்வார்கள், வெட்கப்படாமல் வாங்கிச் சாப்பிடுங்கள். முறுக்கை மட்டும் காரில் மற்ற பைகளுக்கு அடியில் வைக்காதீர்கள், தாப்பா தாண்டுவதற்குள் தூளாகிவிடும்.